தூங்கும் முன் படப் புத்தகம்: பக்கத்தைப் பிடுங்கும் ரெண்டரை வயசுக்கு எப்படி வாசிக்கிறது?

இரவுப்பறவை (கேள்வி)

குழந்தைக்கு ரெண்டரை வயசு. படுக்கும் முன் படப் புத்தகம் வாசிக்கிறோம். ஒரு பக்கத்தில் ரெண்டு வரி முடிக்கிறதுக்குள்ள அடுத்த பக்கம் புரட்டியாச்சு. எத்தனை புத்தகம் எடுத்து வச்சாலும் தினமும் அதே ஒண்ணுதான் வேணும். வாசிச்சு முடிச்சா தூக்கம் வரணும், இங்கே சுறுசுறுப்பு ஏறுது. "இன்னொண்ணு, இன்னொண்ணு"ன்னு முக்கால் மணி நேரம் போகுது. "வாசிக்கும்போது கேள்வி கேளுங்க, அப்பத்தான் பேச்சு வளரும்"னு எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கு. கேட்டா இருக்கிற தூக்கமும் கலைஞ்சிடுது.

இன்னொரு சந்தேகம். புத்தகத்தில் "சென்றது", "கூறியது"ன்னு எழுத்துத் தமிழ். அப்படியே வாசிக்கணுமா, பேச்சுத் தமிழுக்கு மாத்தணுமா?

எத்தனை புத்தகம், எவ்வளவு நேரம், எப்படி உட்காரணும், வெளிச்சம் எப்படி இருக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

மழலைப்பேச்சு

கேள்வி கேட்கிற விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

அந்த அறிவுரைக்கு மூலம் 1988-இல் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. கிட்டத்தட்ட உங்கள் குழந்தையின் வயதில் இருந்தவர்களுக்கு ஒரு மாதம் கேள்வி கேட்டு, பதிலை நீட்டி வாசித்ததில் பேச்சுத் திறன் நன்றாக முன்னேறியது. முறை நல்ல முறைதான். ஆனால் அது பேச வைக்கும் முறை, தூங்க வைக்கும் முறை அல்ல. இதைச் சொல்லாமல் எல்லா இடத்திலும் "படுக்கைநேரக் கதை" என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுகிறார்கள். குழந்தையிடம் பதில் எதிர்பார்த்தால் அது விழித்துக்கொள்ளத்தான் செய்யும்.

எனவே அதே புத்தகத்தைப் பகலில் ஒரு விதமாகவும் இரவில் ஒரு விதமாகவும் வாசியுங்கள்.

பகலில் நான்கு படி. கேட்பது, பதிலை ஏற்பது, நீட்டுவது, திரும்பச் சொல்ல வைப்பது. "இது யாரு?" "பூன." "ஆமா, பூனை. கூடைக்குள்ள தூங்குற பூனை. நீ சொல்லு, தூங்குற பூனை." கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். இந்த வயதில் பதில் கிளம்பி வர நேரம் பிடிக்கும். பெரும்பாலோர் ஒரு நொடியில் தாங்களே பதிலைச் சொல்லிவிட்டு, "பேசவே மாட்டேங்குது" என்கிறார்கள். "இது என்ன கலர், இது எத்தனை" என்று பரீட்சை வைப்பது பகலிலும் வேண்டாம். பதில் ஏற்கெனவே தெரிந்த கேள்வியை மூன்று தரம் கேட்டால் குழந்தை புத்தகத்தை மூடிவிடும்.

இரவில் கேள்விக்குப் பதிலாக வெறும் கூற்று. "பூனை எங்கே?" என்று கேட்காமல், படத்தில் விரலை வைத்து "பூனை கூடைக்குள்ள இருக்கு" என்று சொல்லி நிறுத்துங்கள். குழந்தை ஏதாவது சொன்னால் ஒரு தரம் "ஆமா" சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். இரவில் அனுமதிக்கலாம் என்றால் ஒன்றுதான்: திரும்பத் திரும்ப வரும் வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருப்பது. அது குழந்தைக்கு மனப்பாடம், யோசிக்க வேண்டியதில்லை. முணுமுணுப்பாக நிரப்பும். நிரப்பாவிட்டால் நீங்களே சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

ஒரே புத்தகம் கேட்பது சிக்கலே இல்லை. 2011-இல் ஜெசிக்கா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களும், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களும். சொற்களை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டவர்கள் ஒரே கதை கேட்டவர்கள்தான். கதை அடுத்து எங்கே போகும் என்று தெரிந்துவிட்டால் சொல்லைக் கவனிக்க இடம் கிடைக்கிறது. இரவுக்கு இன்னொரு லாபமும் உண்டு, தெரிந்த கதையில் திடுக்கிட ஒன்றும் இல்லை. புதுப் புத்தகத்தைப் பகலில் இரண்டு மூன்று தரம் பார்த்த பிறகே இரவுப் பட்டியலில் சேருங்கள்.

பக்கம் புரட்டுவது பற்றி: வரிகள் நீளம், அவ்வளவுதான். ரெண்டரை வயதுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம் போதும். நான்கு வரி அச்சாகியிருந்தால் முக்கியமான ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம். ஆனால் எந்த வரியை விடுகிறீர்களோ தினமும் அதையே விடுங்கள். மாற்றினால் பிடித்துவிடும், பிறகு தகராறு.

பக்கம்32

படப் புத்தகம் உருவாக்கும் பக்கத்திலிருந்து சில கணக்குகள்.

படப் புத்தகங்களில் நிறைய 32 பக்கம் இருப்பது தற்செயல் இல்லை. பெரிய தாளை மடித்து வெட்டினால் 16 பக்கம் வரும், அப்படி ரெண்டு சேர்ந்தால் 32. தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போனால் கதைக்கு ஏறக்குறைய 12 முதல் 14 விரிப்புகள் மிஞ்சும். விரிப்பு என்றால் எதிரெதிரே திறந்து கிடக்கும் ரெண்டு பக்கம். இரவு வேகத்தில் ஒரு விரிப்புக்கு அரை நிமிஷம் வைத்தாலும் ஒரு புத்தகம் ஆறேழு நிமிஷம். ரெண்டு புத்தகம் கால் மணி. அதுக்கு மேல போகுதுன்னா புத்தகம் காரணமில்லை, நடுவில் நடக்கும் பேரம்தான் காரணம்.

கெட்டி அட்டைப் புத்தகங்களில் பக்கம் குறைவு, வரியும் குறைவு, மூணு நாலு நிமிஷத்தில் முடியும். ஒரு காகிதப் புத்தகம், ஒரு அட்டைப் புத்தகம் என்று ஜோடி வையுங்கள். துள்ளலான கதை முதலில், ஒண்ணுமே நடக்காத கதை கடைசியில். நாள் முடிவது, விலங்குகள் கூட்டுக்குப் போவது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி என்ற அமைப்பு இரவுக்கு நல்லாப் பொருந்தும். துரத்தல், ஒளிதல், கடைசிப் பக்கத்தில் "டமார்" என்று முடிவது எல்லாம் பகலுக்கு.

மடல் திறப்பது, படம் எழும்பி நிற்பது, பொத்தானை அழுத்தினால் சத்தம் வருவது, இந்த வகையை இரவுக் கூடையிலிருந்து எடுத்துடுங்க. கை வேலை செய்யும்போது கதை காதில் ஏறாது. 2010-லும் 2013-லும் டெலோச் குழுவினர் செய்த சோதனைகளில், இழுத்து விளையாடும் அம்சம் உள்ள புத்தகத்தைவிடச் சாதாரணப் படப் புத்தகத்தில்தான் சின்னக் குழந்தைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

இனி, கையில் பிடிப்பது. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நம் புத்தகம் வலது ஓரத்திலிருந்து புரட்டப்படுவது. குழந்தை உங்கள் வலது பக்கம் இருந்தால் புரட்டும் ஓரம் அதன் கைக்கு நேரே கிடக்கும், பிடுங்கத்தான் செய்யும். இடது பக்கம் உட்கார வையுங்கள். இடது கட்டைவிரலை நடு மடிப்பின் அடியில் கொடுத்து, மற்ற விரல்களை முதுகுப்புறம் தாங்கினால் படம் மறையாது, புத்தகமும் தானாக மூடிக்கொள்ளாது. வலது கை, வாசிக்கும் பக்கத்தைச் சுட்டுவதற்கும் புரட்டுவதற்கும். "இப்போ நீ புரட்டு" என்று நீங்கள் வலது ஓரத்தின் மேல் மூலையை ஒரு விரல்கனம் தூக்கிக் கொடுத்தால், அதுதான் சைகை என்று சில நாளில் பழகிடும். காகிதம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கொண்டு ரெண்டு பக்கம் சேர்ந்து போனால், மூலையில் சின்ன ஃபெல்ட் (தடித்த மெத்துத் துணி) துண்டு ஒட்டலாம். ஒரு நகம் அளவு போதும். பக்கத்துக்குப் பக்கம் இடம் மாற்றி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் புத்தகம் ஒரு பக்கமாக உப்பிப்போகும். ஒட்டிய துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்க்கும் வயதில் இதைச் செய்ய வேண்டாம்.

சுட்டுவது வெறும் அலங்காரம் இல்லை. ரெண்டு பக்கத்திலும் வேறு வேறு படம் இருந்தால், நீங்கள் வாசிக்கும் சொல் எந்தப் படத்துக்குரியது என்று சின்னக் குழந்தைக்குத் தெரியாது. வாசிக்கத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை ஒரு தடவை மெதுவாக நகர்த்தினால் கண் அங்கே வந்துவிடும்.

அறைவிளக்கு

வெளிச்சம்: தோளுக்குப் பின்னால், பக்கத்தின் மேல் விழுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு. கண்ணுக்கு நேரே பல்பு தெரியக் கூடாது. பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்சம் எடுங்க, 6500 என்று போட்ட வெள்ளை வேண்டாம். பளபளப்பான தாள் என்றால் புத்தகத்தை உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் கண்ணைக் கூசும் பிரதிபலிப்பு போய்விடும். மேல் விளக்கை முதல் புத்தகத்துக்கு முன்னாடியே அணைச்சிடுங்க, கடைசியில் ஒரே இருட்டாக்கினா அழுகைதான்.

படுத்துக்கிட்டு வாசிச்சா கை ரெண்டு நிமிஷத்தில் வலிக்கும், புத்தகம் முகத்தில் விழும், தாள் சாயும். முதல் புத்தகம் உட்கார்ந்து, கடைசிப் புத்தகம் குழந்தை படுத்துக்கிட்டு நீங்க சாய்ந்து உட்கார்ந்து.

தண்ணி, பல் தேய்க்கிறது, பாத்ரூம் எல்லாம் புத்தகத்துக்கு முன்னாடி. பின்னாடி வச்சா "தண்ணி வேணும்" ஒரு சுத்து ஆரம்பிக்கும்.

இரவுப்பறவை

இடது பக்கம் உட்கார வைக்கிறது தோணவே இல்லை, நன்றி. ரெண்டு கேள்வி மிச்சம் இருக்கு. "இன்னொண்ணு"வை எப்படி நிறுத்துறது? எழுத்துத் தமிழா பேச்சா? பயணத்தில் இருக்கும்போது போனிலேயோ டேப்லெட்டிலேயோ வாசிக்கலாமா?

(ரெண்டுன்னு சொல்லி மூணு கேட்டுட்டேன்.)

மழலைப்பேச்சு

"இன்னொண்ணு" வருவது எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாததால். விளக்கு மங்குவதற்கு முன் புத்தகங்களை எடுத்துக் குழந்தையின் கண்ணெதிரே அடுக்கிவிடுங்கள். தேர்வு குழந்தையுடையது, ஆனால் அலமாரி முழுவதையும் காட்ட வேண்டாம். நான்கைந்து புத்தகம் கொண்ட இரவுக் கூடை ஒன்று, அதிலிருந்து "இதா, இதா?" என்று இரண்டில் ஒன்று. கடைசிப் புத்தகம் மட்டும் எப்போதும் அதே ஒன்று. அது வந்தால் முடிவு என்று உடம்புக்கே தெரிந்துவிடும். ஒரே ஒரு புத்தகத்தையே கேட்கிறது என்றீர்களே, அதையே கடைசிக்கு வையுங்கள்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி "முடிஞ்சுது" என்று ஒரே சொல். குழந்தையே புத்தகத்தைக் கூடையில் போடட்டும், விளக்கை அணைக்கட்டும். கூடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எழுந்து நடந்தால் விளையாட்டு தொடங்கிவிடும். பிறகும் கேட்டால், "அது நாளைக்கு முதல் புத்தகம்" என்று சொல்லி அந்தப் புத்தகத்தைக் கூடையின் மேலே வையுங்கள். மறுநாள் கட்டாயம் அதை முதலில் எடுக்க வேண்டும். இரண்டாவது தரம் கேட்டால் அதே வாக்கியம், அதே குரல். மூன்றாவது தரம் அழுததும் கொடுத்தால், அழுகை எத்தனை நீளம் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

களைத்துப்போன நாளில் எண்ணிக்கையைக் குறையுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம். 14 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார்களிடம் தகவல் சேகரித்து மிண்டெல் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தூங்கும் முன் ஒரே வரிசையில் வேலைகள் நடக்கும் இரவுகள் வாரத்தில் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு தூக்கம் சீராக இருந்தது. ஒரு புத்தகமானாலும் சரி, அது அதே இடத்தில் வர வேண்டும். குறும்பு செய்ததற்குத் தண்டனையாகப் புத்தகத்தை நிறுத்துவதும் கூடாது. அப்போது வரிசையே உடைகிறது, தூங்குவது இன்னும் தாமதமாகும்.

எழுத்துத் தமிழ் விஷயத்தில், இந்த வயதுக்குப் பேச்சுத் தமிழில் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. "யானை குளத்திற்குச் சென்றது" என்பதில் யானையும் குளமும் மட்டும்தான் பிடிபடும். "யானை குளத்துக்குப் போச்சு" என்றால் வாக்கியம் முழுவதும் பிடிபடும்.

பக்கம்32

இதில் எனக்கு உடன்பாடில்லை. அச்சில் உள்ள வரிக்கு ஒரு ஓசை இருக்கும், குறிப்பாகத் திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கு. வாசிக்க வாசிக்க மாற்றினால் ஓசை போகும். அது மட்டுமில்லை, இன்னிக்கு "போச்சு", நாளைக்கு "போயிடுச்சு", நாளை மறுநாள் அவசரத்தில் "சென்றது" என்று வரும். மழலைப்பேச்சே மேலே சொன்ன மாதிரி குழந்தை அதைப் பிடித்துவிடும். எழுத்துத் தமிழைக் காதால் கேட்க இந்த வயதில் வேறு வழி குறைவு. பின்னாடி தானே படிக்கத் தொடங்கும்போது "சென்றது" புதுச் சொல்லாக நிற்கக் கூடாது.

என் யோசனை: அச்சில் உள்ளபடி வாசியுங்கள். புரட்டும் முன் படத்தைச் சுட்டிப் பேச்சில் ஒரே ஒரு வரி. "யானை குளத்திற்குச் சென்றது." கொஞ்சம் நிறுத்தி, தும்பிக்கையில் விரலை வைத்து, "யானை தண்ணி குடிக்கப் போகுது." ரெண்டும் ரெண்டு குரலில் இருக்கட்டும், புத்தகக் குரல் ஒண்ணு, பேச்சுக் குரல் ஒண்ணு. எது கதை, எது நம்ம பேச்சு என்று குழந்தை பிரித்துக்கொள்ளும்.

மழலைப்பேச்சு

மூன்றரை நான்கு வயதுக்கு இதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். ரெண்டரைக்கு, பக்கம் நிற்காமல் பறக்கும் குழந்தைக்கு, ஒரே பக்கத்தில் இரண்டு வாக்கியம் சொல்ல நேரம் கிடைக்காது. முதல் சில வாரம் பேச்சில், ஆனால் எழுதி வைத்த மாதிரி தினமும் அதே சொற்களில். குழந்தை பக்கத்தில் நிற்கத் தொடங்கியதும் அச்சுவரிக்கு மாறுங்கள். திரும்ப வரும் பல்லவி வரியை மட்டும் முதல் நாளிலிருந்தே அச்சில் உள்ளபடி.

டேப்லெட் பற்றி. 2019-இல் மன்சர் குழுவினர் பெற்றோரையும் சின்னக் குழந்தைகளையும் அச்சுப் புத்தகம், டேப்லெட் இரண்டிலும் வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். டேப்லெட்டில் கதையைப் பற்றிய பேச்சு குறைந்தது, சாதனத்தை யார் பிடிப்பது, எதைத் தொடுவது என்பது பற்றிய பேச்சு கூடியது. அடுத்து வெளிச்சம். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு சின்னக் குழந்தைகளிடம் இரவு வெளிச்சத்தால் மிகவும் குறைகிறது என்று 2018-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. ஆனால் அதில் பயன்படுத்தியது 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), போன் திரை அவ்வளவு வெளிச்சம் தராது. அதனால் ஒரு நாள் போனில் வாசித்துவிட்டதற்குக் கவலைப்படத் தேவையில்லை. வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, அறிவிப்புகளை நிறுத்தி, தானே வாசிக்கும் குரலையும் அசையும் படத்தையும் அணைத்துவிட்டு நீங்களே வாசியுங்கள். பயணத்துக்குக் கடைசிப் புத்தகத்தை மட்டும் பையில் போட்டுக்கொள்வது இதைவிட எளிது.

அறைவிளக்கு

குரல் பற்றி யாரும் சொல்லலையே. சுறுசுறுப்பு ஏறுறதுக்குப் பாதிக் காரணம் வாசிக்கிறவங்க குரல்தான். சிங்கம் கர்ஜிக்கிறது, ராட்சசன் சிரிக்கிறது எல்லாம் பகலோட நிறுத்திக்கோங்க.

முதல் புத்தகம் சாதாரணப் பேச்சுக் குரல். ரெண்டாவது புத்தகத்தில் பாதி தாண்டினதும் சத்தத்தைக் குறைங்க, ஆனா கிசுகிசுக்க வேண்டாம். கிசுகிசுத்தா ரகசியம் சொல்றாங்கன்னு தலையைத் தூக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் குரல் இறங்கி முடிக்கணும். வாக்கியம் முடிஞ்சதும் ஒரு மூச்சு, அப்புறம் புரட்டல். படப் புத்தகத்தில் திடுக்குறது எல்லாம் புரட்டுற இடத்தில்தான் ஒளிச்சு வச்சிருப்பாங்க. சட்டுனு புரட்டினா குழந்தை எழுந்து உட்காரும், மெதுவாப் புரட்டினா அதே படம் சாதாரணமாப் போயிடும்.

சின்னப்பாய்

பயமுறுத்தும் படம் ஒண்ணு நடுவில் இருந்தா என்ன செய்யுறது? புத்தகம் பிடிச்சிருக்கு, அந்தப் பக்கம் வந்தா மட்டும் முகத்தை மூடிக்குது. வீட்டில் அஞ்சு வயசும் ரெண்டு வயசும் சேர்ந்து கேக்குதுங்க, அதுக்கும் வழி சொல்லுங்க.

பக்கம்32

அந்த விரிப்பின் முன் தாளையும் பின் தாளையும் சேர்த்து ஒரு காகித கிளிப் போட்டு வையுங்கள், இரவில் அந்தப் படமே வராது. பகல் வெளிச்சத்தில் கிளிப்பை எடுத்து, குழந்தை கேட்டால் மட்டும் காட்டுங்கள். சின்னதாக ஒரு தாளால் மூடி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்க விட்டால் எவ்வளவு பார்க்கலாம் என்பது குழந்தையின் கையில் இருக்கும். பயம் போன பிறகு கிளிப் வேண்டாம்.

ரெண்டு வயதும் அஞ்சு வயதும் ஒரே புத்தகத்தில் திருப்தி ஆகாது, முயற்சி செய்ய வேண்டாம். சின்னதுக்கான அட்டைப் புத்தகம் முதலில், நாலு நிமிஷம். அதில் பெரியதுக்கு வேலை கொடுங்கள், பக்கம் புரட்டுவதும் பல்லவி வரியைச் சொல்வதும் அதன் பொறுப்பு. பிறகு பெரியதின் புத்தகம். அது ஓடும்போது சின்னது கேட்டால் கேட்கட்டும், கண்ணை மூடினால் மூடட்டும், தன் அட்டைப் புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாலும் தடுக்க வேண்டாம். நீங்கள் நடுவில், சின்னது இடது பக்கம், பெரியது வலது பக்கம்.